வெப்பத்தால் வேகம் குறையும் பிராசசர்: நாமே எழுதிய டிரைவரை எப்படிச் சோதிப்பது?

குடமுருட்டி (பாபநாசம்):

அனைவருக்கும் வணக்கம். அரிசி ஆலைகளில் மாதிரிக்கு எடுக்கும் அரிசியைப் படம் பிடித்து, அதில் நொய் எவ்வளவு, கறுப்பு எவ்வளவு, பழுப்பு எவ்வளவு என்று எண்ணிச் சொல்லும் சிறு கருவி ஒன்றை நண்பர்கள் சேர்ந்து செய்து வருகிறோம். உள்ளே இருப்பது நான்கு கோர் கொண்ட ஓர் ஆர்ம் போர்டு; அதில் லினக்ஸ் இயங்குகிறது. போர்டுடன் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மிகவும் பழையது என்பதால் புதிய கெர்னலுக்கு மாறினோம். புதியதில் இந்தச் சில்லின் வெப்ப சென்சாருக்கு டிரைவர் (வன்பொருளைக் கெர்னலுடன் பேசவைக்கும் நிரல்) இல்லை. ஆகவே ரெஜிஸ்டர் (சில்லுக்குள் எண்களை எழுதவும் படிக்கவும் உள்ள சிற்றிடம்) விளக்க ஏட்டைப் பார்த்து நானே எழுதினேன்.

டிரைவர் செய்யும் வேலை அதிகமில்லை. சென்சார் தரும் எண்ணை மில்லிடிகிரியாக மாற்றிக் கெர்னலின் வெப்ப மேலாண்மைப் பகுதிக்குக் கொடுக்கிறது; அந்தப் பகுதி சொல்லும் மேல்வரம்பையும் கீழ்வரம்பையும் சில்லில் எழுதி வைத்து, வெப்பநிலை அவற்றைத் தாண்டும்போது வரும் இன்டரப்டை (சில்லு தானாக அனுப்பும் அழைப்பை) வாங்கித் தகவல் சொல்கிறது. டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பில்) 75 டிகிரியில் பாசிவ் ட்ரிப் புள்ளி (வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் வரம்பு), 100 டிகிரியில் கிரிட்டிக்கல் ட்ரிப் புள்ளி (போர்டை அணைக்கும் வரம்பு), ஹிஸ்டெரிசிஸ் (வரம்பிலிருந்து எவ்வளவு இறங்கினால் மீண்டதாகக் கொள்வது என்ற இடைவெளி) 2 டிகிரி, எவ்வளவு குறைப்பது என்று முடிவெடுக்கும் கவர்னர் படிப்படியாக மாற்றும் ஸ்டெப்-வைஸ்.

ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற சுமையேற்றும் நிரலைக் கொண்டு நான்கு கோர்களையும் முழுச் சுமையில் ஓடவிட்டால் வெப்பநிலை ஏறுகிறது, கிளாக் வேகம் படிப்படியாக இறங்குகிறது, 75-ஐ ஒட்டி வெப்பநிலை நின்றுவிடுகிறது. இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும் என்று நண்பர் கேட்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பட்டறையில் இரவில் ஓட்டினால் வேகக்குறைப்பே நிகழ்வதில்லை. ஆலையில் நெல் அவிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நண்பகலில் வைத்தால், தொடங்கிய சற்று நேரத்திலேயே வேகம் விழுகிறது. தவிட்டுத் தூசிக்குப் பயந்து பெட்டியை முழுவதும் மூடியிருக்கிறோம், விசிறியும் கிடையாது. இடத்துக்கு இடம், வேளைக்கு வேளை மாறும் ஒரு நடத்தையைக் காட்டி, டிரைவர் சரியாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?


வெண்ணாறு (தஞ்சாவூர்):

தம்பி, உங்கள் ஐயம் நியாயமானது. நீங்கள் ஓட்டிய சோதனையில் சென்சார், டிரைவர், கவர்னர், கிளாக் டிரைவர், ஹீட்சிங்க், அறைக் காற்று ஆகிய அனைத்தும் ஒன்றாகச் சோதிக்கப்படுகின்றன. முடிவு நல்லதாக வந்தால் எது நன்றாக இருக்கிறது என்றும் தெரியாது. கெட்டதாக வந்தால் எது கெட்டது என்றும் தெரியாது. சென்சார் உண்மையைவிட 8 டிகிரி குறைத்துக் காட்டினாலும், உங்கள் வரைபடம் இதே அழகோடு 75-இல் போய் நிற்கும்.

முதலில் எண் மாற்றத்தைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். ரெஜிஸ்டரில் வரும் எண்ணை மில்லிடிகிரியாக மாற்றும் கணக்கை ஒரு தனி ஃபங்ஷனாகப் பிரித்து, கெர்னலுடனேயே வரும் கேயூனிட் சட்டகத்தில் சோதனை எழுதலாம். அதற்குப் போர்டே தேவையில்லை. மிகக் குறைந்த எண், மிக உயர்ந்த எண், பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் வெப்பநிலை, 32 பிட்டில் பெருக்கும்போது வழிந்து போகும் இடம், சென்சார் இன்னும் தயாராகவில்லை என்ற அடையாள பிட் ஆகிய ஐந்தையாவது தொட்டுப் பார்க்க வேண்டும். பாபநாசத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே எப்போது போகப் போகிறது என்று சிரிக்க வேண்டாம்; கோளாறு கண்ட சென்சார் அபத்தமான எதிர்மறை எண்ணைத் தரும்போது, அதை உங்கள் டிரைவர் மிகப் பெரிய நேர்மறை எண்ணாகப் படித்தால், கருவி காரணமே இல்லாமல் அணைந்துவிடும்.

அடுத்து, வேகத்தைக் குறைக்கும் பக்கத்தைத் தனியே பாருங்கள். கெர்னலில் வேகத்தைக் குறைக்கும் வழி ஒவ்வொன்றுக்கும் கூலிங் டிவைஸ் என்ற பெயரில் ஓர் அடைவு (கோப்புறை) இருக்கும். அதில் நடப்பு நிலையைக் காட்டும் கோப்பில் நீங்களே 0, 1, 2 என்று எழுதிப் பார்க்கலாம். 0 என்றால் கட்டுப்பாடு இல்லை. எண் கூடக் கூட உச்ச வேகம் ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். இதைச் செய்யும்போது வெப்ப மண்டலத்தின் (ஒரு சென்சாரும் அதன் வரம்புகளும் சேர்ந்த தொகுதியின்) மோட் கோப்பில் அதை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எழுதுவதைக் கவர்னர் அடுத்த சுற்றிலேயே மாற்றிவிடும்.

கடைசியாக, இடையில் இருக்கும் முடிவெடுப்பு. அதற்குத்தான் கெர்னலில் வெப்பநிலைப் போலியாக்கம் என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கிக் கெர்னலைக் கட்டினால் எமுல்-டெம்ப் என்று ஒரு கோப்பு தோன்றும். அதில் 76000 என்று எழுதினால், சில்லு குளிர்ந்து கிடந்தாலும் 76 டிகிரி என்றே கெர்னல் நம்பி நடக்கும். 0 என்று எழுதினால் உண்மைக்குத் திரும்பும். அலகு மில்லிடிகிரி என்பதை மறந்து 76 என்று எழுதிவிட்டு, ஒன்றுமே நடக்கவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் பலர். 74900, 75000, 75100 என்று ஏற்றியும், 73100, 72900 என்று இறக்கியும் ஒவ்வொரு எண்ணிலும் கூலிங் நிலை எப்படி மாறுகிறது என்று பதிவு செய்யுங்கள். இறங்கும்போது கட்டுப்பாடு எப்போது தளர்கிறது என்பதில் ஸ்டெப்-வைஸ் கவர்னர் கெர்னல் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறியிருக்கிறது. ஆகவே எதிர்பார்ப்பை உங்கள் பதிப்பின் மூலநிரலைப் படித்து எழுதுங்கள், இணையத்தில் எவரோ எழுதிய விளக்கத்தைப் பார்த்து அல்ல.


வெட்டாறு (திருவாரூர்):

ஐயா, நான் கல்லூரியில் ராஸ்பெர்ரி பை 4 போர்டில் இதைப் போலவே முயன்றேன். நடப்பு வேகத்தைக் காட்டும் சிபியூஃப்ரீக் கோப்பைப் படித்துக்கொண்டே சுமை ஏற்றினேன். செய்யும் வேலை மெதுவாகிக்கொண்டே போகிறது. கோப்பிலுள்ள எண்ணோ பல வேளைகளில் அதற்குப் பொருந்தவில்லை. கெர்னலின் கூலிங் நிலையும் பூஜ்ஜியத்திலேயே இருந்தது. டிரைவர் தவறா, அல்லது நான் பார்க்கும் இடம் தவறா?


அரசலாறு (கும்பகோணம்):

வெட்டாறு தம்பி, ராஸ்பெர்ரி பையில் வெப்பத்துக்காக வேகத்தைக் குறைப்பது லினக்ஸ் கெர்னல் அல்ல. வீடியோகோர் என்ற கிராஃபிக்ஸ் பகுதியில் ஓடும் ஃபர்ம்வேர் (சில்லுக்கான உள்நிரல்). கெர்னலின் டிரைவர் ஒரு வேகத்தைக் கேட்கிறது. ஃபர்ம்வேர் தன் விருப்பப்படி தருகிறது. பை 4-இல் 80 டிகிரியை நெருங்கியதும் ஃபர்ம்வேர் ஆர்ம் கோர்களின் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். 85-இல் இன்னும் கடுமையாகும். பை 3 பி பிளஸ் போர்டில் 60 டிகிரியிலேயே ஒரு மென்வரம்பு உண்டு; அங்கே 1.4 கிகாஹெர்ட்ஸ் 1.2 ஆகிவிடும். உண்மை வேகம் வேண்டுமானால் விசிஜென்சிஎம்டி கட்டளையால் ஃபர்ம்வேரையே கேட்க வேண்டும்.

அதே கட்டளையில் த்ராட்டில் (வேகக்குறைப்பு) நிலையைக் கேட்டால் வரும் எண்ணைப் பிட் பிட்டாகப் பிரித்துப் படியுங்கள். பிட் 0 மின்னழுத்தம் குறைவு, பிட் 1 வேகத்துக்கு உச்சவரம்பு போடப்பட்டது, பிட் 2 இப்போது வேகக்குறைப்பு நடக்கிறது, பிட் 3 மென்வெப்பவரம்பு செயலில் இருக்கிறது. இவற்றுக்கு நேராக 16 முதல் 19 வரை உள்ள பிட்கள், போர்டு இயங்கத் தொடங்கியதிலிருந்து எப்போதாவது அது நிகழ்ந்ததா என்று சொல்கின்றன. வெப்பத்தால் என்று நாம் நினைக்கும் பல நிகழ்வுகள் உண்மையில் மின்னழுத்தத்தால் நிகழ்பவை. அந்த போர்டில் வரம்பு ஏறத்தாழ 4.63 வோல்ட், மெல்லிய நீளமான யூஎஸ்பி கேபிளும் சுமாரான அடாப்டரும் இருந்தால், சுமை ஏறியவுடன் அதற்குக் கீழே போய்விடும். சுமை ஏறும்போதே வெப்பமும் ஏறுவதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது மிக எளிது. பம்ப்செட் மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் நம் பகுதி லைன்களில் இதைத் தனியாக அளக்காமல் வெப்பத்தின் மேல் பழி போடக்கூடாது.

கடைமடை வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால், மேலே ஷட்டரை இறக்கினார்களா, இடையில் கரை உடைந்ததா, பக்கத்து வயலுக்கு மடை திரும்பியதா என்று தெரிந்த பிறகுதானே பேச வேண்டும்? வேகக்குறைப்பும் அப்படித்தான். இன்டெல் கணினிகளிலும் இதே கதை உண்டு. அங்கே சில்லுக்குள் இருக்கும் வன்பொருள் தானாகவே குறைக்கும். வெளியிலிருந்து பிராக்ஹாட் என்ற கம்பி வழியாக மதர்போர்டும் குறைக்கச் சொல்லும். சராசரி மின்சக்தி வரம்பைத் தாண்டினால், வெப்பம் குறைவாக இருந்தாலும் சில பத்து வினாடிகளில் வேகம் விழும். இவை போதாதென்று தெர்மல்டீ என்ற பின்னணி நிரலும் தலையிடும். எல்லாவற்றின் வெளித்தோற்றமும் ஒன்றுதான். ஒவ்வொரு கோருக்கும் த்ராட்டில் எண்ணிக்கை என்று கெர்னல் காட்டும் கோப்பைச் சோதனைக்கு முன்னும் பின்னும் படித்து வித்தியாசம் எடுத்தால்தான், நிகழ்ந்தது வெப்பத்தாலா என்று சொல்ல முடியும்.

நடப்பு வேகக் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பல டிரைவர்களில் அது கடைசியாகக் கேட்கப்பட்ட வேகம். கிடைத்த வேகம் அல்ல. இன்டெல்லில் ஏபெர்ஃப், எம்பெர்ஃப் என்ற இரு எண்ணிகளின் விகிதத்திலிருந்து உண்மையான சராசரி வேகம் கிடைக்கும். டர்போஸ்டாட் என்ற கருவி அதைத்தான் காட்டுகிறது. குடமுருட்டியின் ஆர்ம் போர்டில் பெர்ஃப் என்ற லினக்ஸ் அளவீட்டுக் கருவியால் ஒரு நிரலுக்கு ஆன சைக்கிள்களை (கிளாக் துடிப்புகளை) எண்ணி, அது பிராசசரில் ஓடிய நேரத்தால் வகுத்தால் போதும். அந்த எண்ணை எந்த டிரைவரும் ஒப்பனை செய்ய முடியாது.


கடைமடை (நாகப்பட்டினம்):

எல்லாம் சரி. ஆனால் எமுல்-டெம்ப் கோப்பில் எண் எழுதிப் பார்ப்பதைச் சோதனை என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெண்ணாறு ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். போலி வெப்பநிலையை ஊட்டினால் டிரைவரின் சென்சார் படிக்கும் பகுதி தரும் எண் கவர்னரை எட்டுவதே இல்லை. குடமுருட்டி எழுதியதோ அந்தப் பகுதியைத்தான். கவர்னரும் கூலிங் டிவைஸும் கெர்னலுடன் வருபவை. உலகெங்கும் எத்தனையோ போர்டுகளில் தேறியவை. தாம் எழுதாததைச் சோதித்து, தாம் எழுதியதைச் சோதிக்காமல் விடுவதால் யாருக்குப் பயன்?

மேலும், இந்தக் கருவி வேலை செய்யப் போவது குளிரூட்டிய ஆய்வகத்தில் அல்ல, தகரக் கூரைக்குக் கீழே. காற்று 28 டிகிரியாக இருக்கும்போது சில்லு 68-இல் நிற்கிறது என்றால் ஏற்றம் 40. கத்திரி வெயிலில் அந்தக் கூரைக்கடியில் காற்று 42 ஆனால் அதே சுமையில் சில்லு 82-க்குப் போகப் பார்க்கும். சூடு ஏற ஏறச் சில்லின் கசிவு மின்னோட்டமும் கூடுவதால் உண்மையில் அதற்கும் சற்று மேலே. பட்டறையில் இரவில் நிகழாத வேகக்குறைப்பு ஆலையில் நண்பகலில் நிகழ்வதற்கு மர்மம் எதுவும் இல்லை, கூட்டல் கணக்குதான். ஆகவே பெட்டியோடு, ஆலையில், உண்மைச் சூட்டில் சோதியுங்கள். மற்றவை எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.


வெண்ணாறு (தஞ்சாவூர்):

பொறுத்துக்கொள்ள ஒன்றுமில்லை, பாதி சரியாகவே சொல்கிறீர்கள். போலியாக்கம் சென்சார் படிக்கும் பாதையைச் சோதிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் கவர்னர் தேறியது என்பதால் அதற்கு நாம் கொடுத்த அமைப்பும் தேறியதாகாது. டிவைஸ் ட்ரீயில் ட்ரிப் புள்ளியைத் தவறான கூலிங் டிவைஸுடன் பிணைத்திருந்தாலோ, நான்கு கோர்களில் இரண்டை மட்டும் பிணைத்திருந்தாலோ, அதை ஆலையின் சூட்டில் கண்டுபிடிப்பதைவிட மேசையில் கண்டுபிடிப்பது எளிது.

உண்மைச் சூடு, போலிச் சூடு என்ற இரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. என் கணக்கில் டிரைவர் எழுதுபவருக்கு அதுதான் முதன்மையானது. சூட்டை வரம்புவரை ஏற்றுவதற்குப் பதிலாக, வரம்பைச் சூட்டுவரை இறக்குங்கள். ட்ரிப் புள்ளியை இயங்கும்போதே மாற்ற உங்கள் அமைப்பு அனுமதித்தால் அந்தக் கோப்பிலேயே எழுதலாம்; இல்லையென்றால் டிவைஸ் ட்ரீயை மாற்றி மறுபடி ஏற்றலாம். சும்மா இருக்கும் போர்டு 50 டிகிரியில் இருந்தால் பாசிவ் ட்ரிப்பை 54-இல் வைத்து, ஒரு கோருக்கு மட்டும் சுமை கொடுங்கள். சென்சார் உண்மை, வரம்பு ரெஜிஸ்டரில் எழுதப்படும் எண் உண்மை, வரும் இன்டரப்டும் உண்மை. போர்டுக்கு எந்தத் தீங்கும் இல்லை. வேண்டிய மட்டும் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

அப்படிச் செய்யும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். டிவைஸ் ட்ரீயில் சாதாரண வேளைக்கான போலிங் (கெர்னல் தானே குறித்த இடைவெளியில் சென்சாரைப் படிப்பது) இடைவெளியைப் பூஜ்ஜியமாக வையுங்கள். அது ஒரு வினாடி என்று இருந்தால், இன்டரப்ட் அடியோடு செத்திருந்தாலும் ஒரு வினாடிக்குள் போலிங் வந்து காப்பாற்றிவிடும். வரைபடத்தில் உங்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. போலிங் இல்லாத நிலையில் முதல் ஏற்றத்தைப் பிடிக்க இன்டரப்டைத் தவிர வேறு ஆள் கிடையாது.

போலியாக்கத்தோடு இன்டரப்டைச் சேர்த்தால் ஒரு சிக்கல் எழும், அதையும் சொல்லிவிடுகிறேன். எமுல்-டெம்ப்பில் 90000 எழுதினால், கெர்னல் அந்தப் பொய் வெப்பநிலையைச் சுற்றித்தான் மேல்வரம்பையும் கீழ்வரம்பையும் உங்கள் டிரைவரிடம் தரும். கீழ்வரம்பு 73 என்று சில்லில் எழுதப்படும். உண்மை வெப்பநிலையோ 50. அதாவது கீழ்வரம்பு அப்போதே மீறப்பட்டிருக்கிறது. இன்டரப்ட் லெவல் வகையாக (காரணம் நீங்கும்வரை நீடிக்கும் வகையாக) இருந்தால் அது ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். இன்டரப்ட் எண்ணிக்கைக் கோப்பைத் திறந்து பாருங்கள்.


குடமுருட்டி (பாபநாசம்):

வெண்ணாறு ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே நிகழ்ந்தது. எமுல்-டெம்ப்பில் எழுதியவுடன் எங்கள் சென்சாரின் இன்டரப்ட் எண்ணிக்கை கண்ணெதிரே ஓடியது. ஒரு கோர் முழுவதும் அதிலேயே மூழ்கியது. இதில் ஒரு பயனும் கிடைத்தது. உண்மையிலேயே சென்சார் வரம்பைச் சுற்றி ஊசலாடினாலும் இதே வெள்ளம் வரக்கூடும் என்பதால், இன்டரப்டை வாங்கியதும் அதை மூடி, கெர்னல் புதிய வரம்புகளைத் தந்த பிறகே திறக்கும்படி டிரைவரை மாற்றியிருக்கிறேன். போலியாக்கச் சோதனையின்போது இன்டரப்டை அடைத்துவிட்டுப் போலிங்கை மட்டும் நம்புகிறேன்.

வரம்பை இறக்கிச் சோதிக்கும் முறை மிக உதவியாக இருக்கிறது. கெர்னல் நிகழ்வுகளை நேரத்தோடு பதியும் எஃப்ட்ரேஸில் வெப்பநிலை, ட்ரிப் மீறல், கூலிங் நிலை மாற்றம், கிளாக் வேக மாற்றம் ஆகிய நான்கு நிகழ்வுகளையும் ஒன்றாகப் பதிவு செய்தால் எது முதலில், எது எவ்வளவு நேரம் கழித்து என்று வரிசையாகத் தெரிந்துவிடுகிறது. இன்டரப்டுக்கும் முதல் வேகக்குறைப்புக்கும் இடையிலுள்ள நேரத்தை இப்போது நேரடியாகப் பார்க்கிறேன். முன்பு வரைபடத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்தேன்.

கடைமடை அண்ணன் சொன்னபடி ஆலையிலும் வைத்துப் பார்க்கத்தான் போகிறோம். அதை ஒழுங்காகச் செய்வது எப்படி? சும்மா கொண்டுபோய் வைத்தால் நான் முதல் பதிவில் சொன்ன குழப்பமே மறுபடி வரும்.


அரசலாறு (கும்பகோணம்):

வெப்பச் சோதனையில் முதலில் எழுத வேண்டிய எண் சில்லின் வெப்பநிலை அல்ல, சுற்றுக்காற்றின் வெப்பநிலை. பெட்டிக்கு வெளியே, அதன் வெதுவெதுப்பு எட்டாத தொலைவில் ஒன்றும், பெட்டிக்குள்ளே காற்றில் ஒன்றும் என இரண்டு தனிச் சென்சார்களை வையுங்கள். மூடிய பெட்டியில் உள்காற்று வெளிக்காற்றைவிட வெகுவாகச் சூடாகும். ஹீட்சிங்க் சூட்டைத் தள்ளுவது அந்த உள்காற்றுக்குத்தான். பட்டறைக்கும் ஆலைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டு எண்கள் இல்லாமல் விளக்கவே முடியாது. விளக்க முடியாவிட்டால், ஒவ்வொரு வெயில் நாளுக்கும் டிரைவரில் ஒரு மாற்றம் செய்யத் தோன்றும்.

அடுத்தது காத்திருப்பு. சில்லு மில்லிவினாடிகளில் சூடேறும். ஹீட்சிங்குக்கு நிமிடங்கள் ஆகும். மூடிய பெட்டியும் அதன் உள்காற்றும் நிலைபெற இன்னும் வெகுநேரம் பிடிக்கும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு, தாங்குகிறது என்று எழுதுவது அளவீடே அல்ல. வெப்பநிலையும் வேகமும் மாறாமல் நிற்கும் வரை ஓட்டுங்கள். பிறகு சுமையை எடுத்துவிட்டு, வேகம் முழுமையாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். ஏறுவதைச் சோதிக்கும் பலர் இறங்குவதைச் சோதிப்பதில்லை. குளிர்ந்த பின்னும் வேகம் திரும்பாமல் ஒரு படி கீழேயே ஒட்டிக்கொள்ளும் கோளாறு அதனால்தான் களத்துக்குப் போன பிறகு வெளிப்படுகிறது.

சுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெஸ்-என்ஜியில் எந்த வேலையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதே வேகத்தில் அதே சில்லு வெவ்வேறு மின்சக்தியை உறிஞ்சும். அணிப்பெருக்கல் சூடேற்றுவதுபோல எல்லாக் கணக்கும் சூடேற்றாது. ஆகவே ஒரு சோதனையில் பயன்படுத்திய வேலையை அடுத்ததில் மாற்றாதீர்கள். அதைவிட நல்லது, உங்கள் கருவியின் உண்மை வேலையையே சுமையாகக் கொடுப்பது. பதிவு செய்து வைத்த அரிசிப் படங்களைத் திரும்பத் திரும்ப ஊட்டி, நிமிடத்துக்கு எத்தனை படங்கள் முடிகின்றன, ஒரு படத்துக்கு மிக அதிகமாக ஆன நேரம் எவ்வளவு என்று எழுதுங்கள். கிளாக் வேகம் எதுவாக இருந்தாலும், ஆலைக்காரருக்கு வேண்டியது மாதிரி தட்டை வைத்தவுடன் விடை வருவது. சராசரியைவிட மோசமான நேரம் முக்கியம். ஸ்டெப்-வைஸ் மேலும் கீழும் ஊசலாடினால் சராசரி நன்றாகவே இருக்கும், நடுநடுவே ஒரு படம் மட்டும் நின்று போகும்.

கெர்னலில் வெப்பப் புள்ளிவிவரங்களை இயக்கியிருந்தால், ஒவ்வொரு கூலிங் நிலையிலும் எத்தனை மில்லிவினாடி இருந்தது, மொத்தம் எத்தனை முறை நிலை மாறியது என்று அதுவே கணக்கு வைத்திருக்கும். ஊசலாட்டத்தைப் பிடிக்க அந்த மாற்ற எண்ணிக்கையைவிட எளிய வழி இல்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் அதை ரீசெட் செய்துகொள்ளுங்கள். பதிவு செய்யும் ஸ்கிரிப்டை நொடிக்கு நூறு முறை ஓடவிடாதீர்கள். அளப்பதற்கென்று எழுப்பப்படும் கோரும் சூடாகும்.


வெட்டாறு (திருவாரூர்):

100 டிகிரி கிரிட்டிக்கல் புள்ளியை யாரும் தொடவில்லையே. அதை உண்மைச் சூட்டில் சோதிப்பது முடியாத காரியம். எமுல்-டெம்ப்பில் 101000 எழுதினால் என்ன ஆகும்?


வெண்ணாறு (தஞ்சாவூர்):

போர்டு உண்மையாகவே அணையும், தம்பி. கெர்னலுக்கு அது பொய் என்று தெரியாது. முறைப்படி பணிநிறுத்தம் தொடங்கும். அதற்குரிய காலக்கெடுவை அமைத்திருந்தால், முறையான நிறுத்தம் நடுவில் சிக்கிக்கொண்டாலும் கெடு முடிந்ததும் கட்டாயமாக அணைக்கும். ஆகவே வேலைக்கான எஸ்டி கார்டைக் கழற்றிவிட்டு, இழந்தாலும் வருத்தமில்லாத ஒரு கார்டைப் போட்டுச் சோதியுங்கள். சோதிக்காமல் மட்டும் விடாதீர்கள். கிரிட்டிக்கல் புள்ளி ஒருநாள் தேவைப்படும். அன்று ஒரு சேவை நிற்க மறுத்துப் பணிநிறுத்தத்தைத் தாமதப்படுத்துகிறதா என்பது இன்றே தெரிந்திருக்க வேண்டும். சில்லிலேயே தனியாக ஒரு வன்பொருள் ரீசெட் வரம்பு இருந்தால், கெர்னலின் வரம்பு அதற்குக் கீழே போதிய இடைவெளியோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மறுபுறம், போலியாகக் குறைந்த வெப்பநிலையை எழுதி உண்மையான ஆபத்தை மறைக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை வெப்பநிலை கிரிட்டிக்கலுக்குக் கீழே இருக்கும் வரை மட்டுமே கெர்னல் போலி எண்ணை ஏற்கும்; மேலே போனால் உண்மையையே எடுத்துக்கொள்ளும். ஆனால் பாசிவ் வேகக்குறைப்பைப் போலி எண்ணால் முழுவதும் முடக்கிவிடலாம். அதனால் ஆலைக்குப் போகும் கெர்னலில் இந்த வசதி இருக்கவே கூடாது.

இன்னும் சில மூலைகள் இருக்கின்றன. வேகம் குறைந்திருக்கும் நிலையிலேயே டிரைவர் மாட்யூலைக் கழற்றிப் பாருங்கள். கூலிங் நிலை பூஜ்ஜியத்துக்குத் திரும்புகிறதா, பாதியில் தொங்குகிறதா? ஒரு கோரை அணைத்து மறுபடி இயக்குங்கள். உச்சவரம்பு அதற்கும் பொருந்துகிறதா? கருவியைத் தூங்கவைத்து எழுப்புங்கள். தூக்கத்தில் சென்சாரின் ரெஜிஸ்டர்கள் அழிந்திருந்தால், எழுந்ததும் டிரைவர் வரம்புகளை மறுபடி எழுத வேண்டும். எழுதாவிட்டால் வெப்பநிலை சரியாகவே படிக்கப்படும், ஆனால் இன்டரப்ட் ஒருபோதும் வராது. நான் பார்த்த டிரைவர்களில் மிக அதிகமாகக் கோட்டைவிடப்படும் இடம் இதுதான்.


கடைமடை (நாகப்பட்டினம்):

வரம்பை இறக்கும் யோசனை நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் சென்சார் 8 டிகிரி குறைத்துக் காட்டினால் அந்த முறை கண்டுபிடிக்காது அல்லவா? அதற்கு என்ன வழி?


அரசலாறு (கும்பகோணம்):

கண்டுபிடிக்காது. அதற்கு இருப்பது எளிய வழி: போர்டை இரவு முழுவதும் அணைத்து வைத்து, காலையில் இயக்கியவுடன் வரும் முதல் அளவை அறை வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள். அணைந்து கிடந்த சில்லு அறையின் வெப்பநிலையில்தான் இருக்கும். இயக்கிய சில வினாடிகளில் ஏறும் சில டிகிரியைக் கழித்துக்கொண்டால் பெரும்பிழை உடனே தெரியும். இது தாழ்முனையை மட்டும் சரிபார்க்கும். சாய்வு தவறாக இருந்தால் சூடேறும்போதுதான் பிழை பெருகும் என்பதால், நண்பகலில் ஆலையிலும் இதையே செய்ய வேண்டும். பெட்டியைத் திறந்து ஹீட்சிங்கின் அடியில் தெர்மோகப்பிள் ஒட்டி, சுமை ஏற்றி, இரண்டின் இடைவெளி சுமைக்கு ஏற்றபடி சீராக மாறுகிறதா என்றும் பார்க்கலாம். சில்லு எப்போதும் ஹீட்சிங்கைவிடச் சூடாகவே இருக்கும். சுமையின்போது சென்சார் அதைவிடக் குறைத்துக் காட்டினால் டிரைவரின் கணக்கிலோ, சில்லில் பதித்து வைத்திருக்கும் அளவுத்திருத்த எண்ணைப் படிக்கும் இடத்திலோ தவறு இருக்கிறது.


குடமுருட்டி (பாபநாசம்):

எங்கள் சில்லில் அளவுத்திருத்த எண் ஃபியூஸில் (சில்லில் ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய நினைவிடத்தில்) இருக்கிறது. அதைப் படிக்கும் பகுதிக்கும் கேயூனிட் சோதனை சேர்த்துவிடுகிறேன். ஃபியூஸ் வெறுமையாக இருக்கும் போர்டுகளும் வரலாம் என்று விளக்க ஏடு சொல்கிறது. அப்படி வந்தால் பொது மதிப்பை எடுத்துக்கொண்டு கெர்னல் பதிவில் எச்சரிக்கை எழுதுவதா, அல்லது டிரைவர் ஏற மறுப்பதா?

கவர்னரைப் பற்றியும் ஒரு கேள்வி. ஊசலாட்டம் அதிகமாக இருந்தால் பவர்-அலோகேட்டருக்கு மாறலாமா?


வெண்ணாறு (தஞ்சாவூர்):

ஏற மறுத்தால் வெப்பக் கட்டுப்பாடே இல்லாமல் போர்டு ஓடும். அதைவிடப் பொது மதிப்பும் எச்சரிக்கையும் மேல். பொது மதிப்பின் பிழை எந்தப் பக்கம் போகக்கூடுமோ, அதற்கேற்பச் சற்று முன்னதாகவே வேகத்தைக் குறைக்கும்படி ஈடுகட்டிக்கொள்ளுங்கள்.

பவர்-அலோகேட்டருக்கு அவசரம் வேண்டாம். அது பிஐடி என்ற பின்னூட்டக் கட்டுப்பாட்டு முறையில் மின்சக்தியைப் பங்கிடுகிறது. அதற்கு நிலைத்துத் தாங்கும் மின்சக்தி எவ்வளவு, ஒவ்வொரு வேகத்திலும் கோர் எவ்வளவு உறிஞ்சும் என்ற எண்களை நீங்கள் தர வேண்டும். அந்த எண்களில் முதலாவது பெட்டியையும் அறைக்காற்றையும் பொறுத்தது. அவற்றை அளக்காமல் ஊகித்துக் கொடுத்தால் ஸ்டெப்-வைஸைவிட மோசமாகவே நடக்கும். முதலில் ஹிஸ்டெரிசிஸை 2-இலிருந்து 4 அல்லது 5 ஆக்கி, பாசிவ் வேளைக்கான போலிங் இடைவெளியையும் மாற்றி, மாற்ற எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.


குடமுருட்டி (பாபநாசம்):

அப்படியே செய்கிறேன், ஐயா. மேசைச் சோதனைகள் அனைத்தையும் ஒரே ஸ்கிரிப்டில் கோத்துவிட்டேன். டிரைவரை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அது தானாக ஓடும். ஆலைச் சோதனையைக் கத்திரி தொடங்கியதும், நெல் அவியல் நடக்கும் ஒரு நாளின் நண்பகலில் வைத்துக்கொள்ள ஆலைக்காரர் இசைந்திருக்கிறார். வெளிக்காற்றின் வெப்பநிலையை அவருடைய ஆள் மணிக்கொரு முறை நோட்டில் எழுதித் தருவதாகச் சொல்கிறார்.


கடைமடை (நாகப்பட்டினம்):

நோட்டு வேண்டாம், தம்பி. வெளிக்காற்றுச் சென்சாரையும் அதே போர்டில் இணைத்து, அதே கோப்பில், அதே நேரமுத்திரையோடு பதிவு செய்யுங்கள். அவியல் அடுப்பைத் திறக்கும் சில நிமிடங்களில் காற்று மளமளவென்று ஏறி இறங்கும். மணிக்கொரு முறை எழுதும் நோட்டில் அது வராது.